தையல்காரர் வீட்டு முள்சீத்தா

எங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்காரரின் தையல் கடைக்கும் நடுவில் ஒரு முள்சீத்தா மரம் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அது இல்லாமல் போன கதை இது.

அதை யாரும் நட்டு வைக்கவில்லை. எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் தின்று துப்பிய விதை முளைத்து, கேட்பாரில்லாமல் வளர்ந்துவிட்டது. பழம் ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம் இருக்கும். பச்சைத் தோலில் மெத்தென்ற முள், சும்மா மிரட்டுவதற்கு. உள்ளே வெள்ளைச் சதை, புளிப்பும் இனிப்புமாக. விதையை எடுத்துவிட்டுக் கரைத்து, சர்க்கரை போட்டுக் குடிக்கலாம். காயாகப் பறித்து வேகவைத்தும் சாப்பிடலாம் என்றார்கள். ஒரு தடவை செய்தேன். இரண்டாம் தடவை யாரும் கேட்கவில்லை. இலையைத் தலையணைக்கு அடியில் வைத்தால் தூக்கம் வரும், வெந்நீரில் போட்டுக் குளித்தால் காய்ச்சல் இறங்கும் என்று சொல்வார்கள். விதையை அரைத்து எண்ணெயில் குழைத்துத் தலையில் தேய்த்தால் பேன் செத்துவிடும். இதை மட்டும் நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அது கண்ணில் பட்டால் கண்ணும் போய்விடும் என்பதால், பிள்ளைகளுக்குக் கட்பீஸ் துணியால் கண்ணைக் கட்டிவிட்டுத்தான் தேய்ப்பேன்.

அந்த மரத்தின் தகுதி அவ்வளவுதான். அதற்குப் பெரிய பதவி வாங்கிக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர்.

சில வருஷங்களுக்கு முன்னால் அவர் குடலில் ஒரு கட்டி இருப்பதாக டாக்டர் சொன்னார். நல்ல கட்டி இல்லை, உடனே எடுக்க வேண்டும் என்றார். இவர் நேரே கடைக்கு வந்து, துணி கொடுக்க வந்தவர்கள், வாங்க வந்தவர்கள், சும்மா உட்கார வந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி ஓர் அறிக்கை விட்டார்.

"பொழுதன்னைக்கும் கத்திரி புடிக்கிறவன் நான். என் உடம்புல இன்னொருத்தன் கத்திரி வைக்க நான் விடமாட்டேன்."

கடையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் ரிடையர்டு வாத்தியாருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அவர் போனில் எதையாவது படித்துவிட்டு ஊருக்குச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். முள்சீத்தா இலை இந்த வியாதியைக் கொன்றுவிடும், ஆராய்ச்சியே நடந்திருக்கிறது, மருந்து உங்கள் வாசலிலேயே நிற்கிறது என்றார். ஊரே திரும்பி மரத்தைப் பார்த்தது.

போனில் அழுதது ஒரே ஆள்தான், என் வீட்டுக்காரரின் தங்கை. நடு வயது தாண்டியும் எல்லாருக்கும் பாப்பாதான். நான்கு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரில், பஸ் கம்பெனியின் டிக்கெட் கவுன்டரில் உட்காருகிறவள். "இலையும் வேணாம் தழையும் வேணாம். ஒழுங்கா ஆபரேஷன் பண்ணிக்கண்ணே," என்று கெஞ்சினாள். இவர் போனை என் கையில் கொடுத்துவிட்டு மெஷினை மிதிக்கப் போய்விட்டார்.

வீறாப்பு எல்லாம் வலி வரும்வரைதான். வலி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குப் போலாம். ஆனா யாருக்கும் தெரியக் கூடாது," என்றார். உயிரோடு இருந்தால் போதும் என்று நானும் தலையாட்டினேன். வெளியூரில் ஒரு கம்பெனிக்கு யூனிஃபார்ம் தைக்கும் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். அங்கே வயிற்றைக் கிழித்துக் கட்டியை எடுத்தார்கள். பிறகு நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு குழாய் வைத்து மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். அந்தச் சமயத்தில் எந்த இலையையும் தொடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். தங்கச்சிக்காவது சொல்லுங்கள் என்றேன். அவளிடம் சொன்னால் பஸ் ரூட் முழுக்கச் சொன்ன மாதிரி என்றார். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

எலும்பும் தோலுமாக, தலையில் முடியில்லாமல் ஊர் திரும்பினோம். அங்கே வெயில் தாங்கவில்லை, அதனால் மொட்டை என்று ஊருக்குச் சொன்னார். அதன் பிறகுதான் இலைக் கஷாயம் குடிக்க ஆரம்பித்தார். அதுவும் காலை நேரத்தில், கடை வாசலில் நின்று, நாலு பேர் பார்க்கும்படி. சொல்லி வைத்த பொய்க்கு ஒரு முட்டு வேண்டுமே. முடி வளர்ந்தது, சதை பிடித்தது. ஒருநாள் வாத்தியார் இவர் தோளைத் தட்டி, "இலை வேலை செஞ்சிடுச்சு பாத்தீங்களா?" என்றார். இவர் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் இன்னொருவர் கேட்டபோது "ஆமா" என்றார். அதற்கடுத்த வாரம் யாரும் கேட்காமலேயே சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் வாசலில் கூட்டம். மூட்டுவலிக்கு இலை, தூக்கமின்மைக்கு இலை, பரீட்சையில் தேறாத பிள்ளைக்கு இலை. என் வீட்டுக்காரர் தாராள மனசுக்காரர். இலை கேட்டவர்களுக்கு விதையும் கொடுத்தார். பேன்ட் தைத்து மிஞ்சிய துணியில் விதையை முடிந்து, முடிச்சுக்கு நூல் கட்டி, சும்மா கொடுத்தார். இரண்டு மூன்று மழைக்குள் எங்கள் தெருவில் முள்சீத்தா இல்லாத வாசலே இல்லை என்று ஆகிவிட்டது. எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும் ஆள் நடமாடுகிறாரே, அது போதும் என்று விட்டுவிட்டேன்.

போன மழைக்கு முன்னால் பாப்பா போன் செய்து தனக்கும் இலை வேண்டும் என்றாள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. அவளே கேட்கிறாள், அன்றைக்கு இலையும் வேண்டாம் தழையும் வேண்டாம் என்று அழுதவள். வாரா வாரம் இளசும் முற்றலும் கலக்காமல் தானே பறித்து, துடைத்து, துணிப்பையில் போட்டு வாயைத் தைத்து, அந்த ஊர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். எதற்குக் கேட்கிறாள் என்று இவர் கேட்கவில்லை. நான் ஒருமுறை கேட்டேன். "உடம்புக்கு நல்லதுன்னு கேக்குறா, வேற எதுக்கு?" என்றார்.

மழை முடிந்து ஒரு சனிக்கிழமை காலை பாப்பாவே வந்து இறங்கினாள். கவுன்டரில் போட்டுக்கொள்ளும் கம்பெனிச் சட்டையோடு வந்திருந்தாள், கையில் ஒரு பெட்டி. முகம் சரியில்லை. கைகால் கழுவிவிட்டு வந்தவள், என்னை உள்ளே கூப்பிட்டு, சட்டைக்கு மேலேயே என் கையை எடுத்துத் தன் இடப்பக்க மார்பில் வைத்தாள். கல் மாதிரி ஒரு கட்டி தட்டுப்பட்டது.

"டாக்டர் ஆபரேஷன்னு சொல்லிட்டாருண்ணி. நான் வரலன்னுட்டேன். இத்தன நாளா அண்ணன் அனுப்புன இலையத்தான் குடிக்கிறேன். கொஞ்சம் பெருசாத்தான் ஆயிருக்கு. காஞ்ச இலைல சத்து இல்ல போல. இங்கயே தங்கி, மரத்துலேர்ந்து பறிச்ச கையோட குடிச்சா சரியாயிடும்."

அண்ணன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆபரேஷன் பண்ணிக்கலாமே பாப்பா," என்றார்.

"அன்னைக்கு நான் அதத்தான் சொன்னேன். நீதான் கேக்கல. நீ சொன்னதுதான் சரின்னு இப்ப நல்லா நடமாடிட்டு இருக்க. எனக்கு மட்டும் ஏன் கத்தி?"

இதற்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது. அதைச் சொல்லாமல் கடைக்குப் போய்விட்டார். பின்னாலேயே நானும் போனேன்.

"சொல்லுங்க," என்றேன்.

"சொல்றேன்."

"எப்போ?"

"நேரம் பாத்து சொல்றேன். சட்டுனு சொன்னா அவ தாங்க மாட்டா."

"அவ தாங்குவா. உங்க கௌரவம்தான் தாங்காது. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன். சத்தமாச் சொல்லுவேன்."

அவர் ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார். நூல் உள்ளே போகவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன். அத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷனை அவ்வளவு வெறுத்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை நான் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பினால், வாசல் வெளிச்சமாக இருக்கிறது. மரம் தரையில் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் கையில் ரம்பம். சட்டையெல்லாம் மரத்தூள்.

"வேர் கடைச் சுவத்துக்குள்ள போயிடுச்சு. சுவர் விரிசல் விடுது," என்று கூடியிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சுவரில் விரிசல் எதுவும் இல்லை. இலை, கிளை எல்லாவற்றையும் அடிமரத்தோடு இழுத்துப் போக, ஆள் வைத்து ஒரு வண்டியும் ஏற்பாடு செய்திருந்தார். அரைநாளில் சருகுகூட மிஞ்சவில்லை.

எனக்கு அவர் கணக்குப் புரிந்தது. மரம் இல்லை என்றால் இலை இல்லை. இலை இல்லை என்றால் பாப்பா வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போவாள். இவர் வாயைத் திறக்கவே வேண்டாம். உண்மையைச் சொல்வதைவிட ஒரு மரத்தை வெட்டுவது சுலபம் என்று நினைக்கிற ஆளுக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன்.

பாப்பா மிஞ்சி நின்ற அடிக்கட்டையின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "ஒரு வார்த்த என்கிட்ட கேட்டிருக்கலாம்ணே," என்றாள், அவ்வளவுதான்.

விஷயம் தெருவில் பரவியது. தையல்காரர் தங்கச்சிக்கு அதே வியாதி, மருந்து மரத்தை வெட்ட வேண்டியதாகிவிட்டது, பாவம். சாயங்காலம் நான் சொன்ன கெடு நெருங்கும்போது, முதலில் எதிர்வீட்டு அக்கா ஒரு முறம் நிறைய முள்சீத்தா இலையோடு வந்தாள். பின்னால் எலக்ட்ரீஷியன், தன் டூல்ஸ் பையில் இலையோடு. இஸ்திரிக்காரர் ஒரு போர்வையில் மூட்டை கட்டிக் கொண்டுவந்தார். வாத்தியார் ஒரு சாக்கு நிறைய. எல்லாம் இவர் கையால் கொடுத்த விதையில் வந்த இலை. துணி வெட்டும் மேஜையில் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். இலை மேஜையை மூடி, சாக்பீஸை மூடி, கத்திரிக்கோலை மூடி, பாதி தைத்திருந்த ஒரு பேன்ட்டையும் மூடிவிட்டது.

"நீங்க குடுத்த விதைங்க. உங்களுக்கு இல்லாததா?" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

பாப்பா இப்போதுதான் கண்ணைத் துடைத்தாள். "பாத்தியாண்ணே. உன் ஒருத்தன் பேருக்காக ஊரே கொண்டு வந்து கொட்டுது."

என் வீட்டுக்காரர் கழுத்தில் அளவு டேப்போடு அந்த இலைக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவர் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். அவர் தைக்கிற பொத்தான் இறுக்கமாக இருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்ற நேரம் பிடித்தது. என்ன செய்கிறார் என்று தெரியாமல் எல்லாரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

சட்டையை விலக்கி, பனியனைத் தூக்கிக் காட்டினார். நெஞ்சில் குழாய் இருந்த இடத்தில் ஒரு தழும்பு. வயிற்றில் மேலிருந்து கீழ்வரை ஒரு நீளக் கோடு, இரண்டு பக்கமும் தையல் புள்ளிகளோடு.

"யூனிஃபார்ம் தைக்கப் போகல. ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன்," என்றார். "கட்டிய வெட்டித்தான் எடுத்தாங்க. மருந்து ஏத்துனாங்க. அதுலதான் முடி கொட்டுச்சு. இலைய அப்புறம்தான் குடிச்சேன், உங்களுக்குக் காட்டுறதுக்காக."

வாத்தியார்தான் மெல்ல ஆரம்பித்தார்.

"ஆனா இலையும் குடிச்சீங்கல்ல?"

"குடிச்சேன்."

"அப்ப அதுவும் ஒரு காரணமா இருக்கலாமே."

"காப்பியும்தான் குடிச்சாரு வாத்தியாரே," என்றேன். "காப்பிச் செடி நட்டுடலாமா?"

அவர் சாக்கை மட்டும் உதறி எடுத்துக்கொண்டு கிளம்பினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஒருவரும் முகத்தை நிமிர்த்தவில்லை. எதிர்வீட்டு அக்கா முறத்தை மறந்துவிட்டுப் போனாள்.

பாப்பா குவியலிலிருந்து ஓர் இலையை எடுத்து, நடு நரம்பில் மடித்தாள். அதை மறுபடியும் மடித்தாள்.

"எதுக்கு இலை கேக்குறேன்னு ஒரு நாளாவது கேட்டியாண்ணே?"

"கேக்கல."

"ஏன்?"

"பெருமையா இருந்துச்சு பாப்பா," என்றார். பனியனைக் கீழே விட மறந்து அப்படியே நின்றார். எனக்கு முந்தின நாள் வந்த வெறுப்பு போய்விட்டது. அதற்குப் பதிலாக என்ன வந்தது என்று கேட்டால், பரிதாபம் என்று சொல்லலாம். கோபம் மட்டும் போகவில்லை.

திங்கட்கிழமை மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாப்பா அவரோடு பேசவில்லை, என்னோடு மட்டும் பேசினாள். கொண்டுவந்த சேலைகளை விட்டுவிட்டு, மறுபடியும் அந்தக் கவுன்டர் சட்டையையே போட்டுக்கொண்டாள். அதைப் போட்டால் தைரியமாக இருக்கிறதாம்.

டாக்டரம்மா சின்னப் பெண். சோதித்துப் பார்த்துவிட்டு, பாப்பாவின் பழைய ரிப்போர்ட்டைப் புரட்டினாள்.

"இது மழைக்கு முன்னாடி எடுத்தது. அப்பவே வந்திருந்தா கட்டிய மட்டும் எடுத்திருக்கலாம்மா. இப்ப அந்தப் பக்கம் முழுசா எடுக்கணும். ஏன் இவ்வளவு லேட்டு?"

பாப்பா அண்ணனைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பஸ் கிடைக்கலங்க."

டாக்டரம்மாவின் கண், பாப்பாவின் சட்டைப் பையில் தைத்திருந்த பஸ் படத்தில் போய் நின்றது. அந்தப் படத்தைத் தைத்ததும் இவர்தான்.

"பஸ் இருந்துச்சும்மா," என்றார் என் வீட்டுக்காரர். "வாரா வாரம் பஸ் இருந்துச்சு. அதுலதான் நான் இலை அனுப்புனேன். முள்சீத்தா இலை. எனக்கு அதுல சரியாச்சுன்னு பொய் சொல்லி வச்சிருந்தேன். நம்பிட்டா."

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மூடி வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் அவருக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்த இலைல ஏதோ இருக்குதான்," என்றாள். "கண்ணாடித் தட்டுல வச்ச செல்லை அது கொல்லுதுன்னு பாத்திருக்காங்க. ஆனா தட்டு வேற, மனுஷ உடம்பு வேற. உடம்புக்குள்ள இந்த வியாதிய அது சரி பண்ணுச்சுன்னு இதுவரைக்கும் யாரும் காட்டல. ரொம்ப நாள் நிறைய குடிச்சா நரம்புக்கு ஆகாதுன்னு ஒரு சந்தேகம் வேற இருக்கு. இனிமே குடிக்க வேணாம்." பிறகு, "பழம் சாப்பிடலாமா?" என்று நான் கேட்டதற்கு, "சிகிச்ச முடியட்டும். அப்புறம் பழமா சாப்பிடுங்க," என்றாள்.

ஆபரேஷனுக்கு வியாழக்கிழமை நாள் குறித்தார்கள். நர்ஸ் பாப்பாவைத் தனியாக உட்கார வைத்து என்னென்னவோ சொன்னாள். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். நான் நடுவில், அவர்கள் இரண்டு பக்கமும். ரொம்ப நேரம் கழித்து பாப்பா என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து அண்ணனிடம் பேசினாள்.

"அப்புறம் கையத் தூக்க முடியாதாம். முன்னாடி பொத்தான் வச்ச சட்டையா வேணுமாம். லூசா."

"தச்சுத் தர்றேன்," என்றார் அவசரமாக. "உள்பக்கம் ஒரு பை வைக்கிறேன். குழாய் விட்டு ஒரு பாட்டில மாட்டி விடுவாங்க, கையிலயே தூக்கிட்டுத் திரிய வேண்டியிருக்கும். பை இருந்தா அதுக்குள்ள உக்காந்துக்கும்."

"உனக்கு யாரு தச்சுக் குடுத்தா?"

"நானேதான். ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்து கையாலயே தச்சேன்."

"என்னைக் கூப்பிட்டிருந்தா நான் வந்து பாட்டிலப் புடிச்சிருப்பேன்ல," என்றாள் பாப்பா.

அவர் பஸ் வருகிற திசையைப் பார்த்தார். அவளே சட்டை விஷயத்துக்குத் திரும்பினாள்.

"அளவு எப்போ எடுக்குற?"

"உன் அளவு எதுக்கு எடுக்கணும்? பள்ளிக்கூடம் போறப்பலேர்ந்து தச்சுக் குடுக்குறேன். மனப்பாடமா இருக்கு."

"அந்த அளவு வியாழக்கிழமையோட சரிண்ணே," என்றாள் பாப்பா. "அப்புறம் புதுசாத்தான் எடுக்கணும்."

அவர் கை கழுத்துக்குப் போனது. டேப் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் கடையிலிருந்து அப்படியே வந்திருக்கிறார், ஆஸ்பத்திரி முழுக்க அதோடு திரிந்திருக்கிறார், நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அதன் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு, நிறுத்தத்தில் அத்தனை பேர் நிற்கிறார்கள் என்றும் பாராமல், என் வீட்டுக்காரர் ஓவென்று அழுதார். கட்டி என்று சொன்னபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

பாப்பா என்னைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் அவர் கையைப் பிடித்தாள்.

"அழாதண்ணே," என்றாள். "பஸ் வந்துடுச்சு."